பாடசாலைப் பிள்ளைக்கு வருவாய் தரும் நாற்றுமேடை



தவணை விடுமுறை தொடங்கியதும் எமது பிரிவிலுள்ள கிராமங்களுக்குச் செல்லும்போதெல்லாம் தந்தையர் பலர் ஒரே வினாவை எம்மிடம் விடுக்கின்றனர். "ஐயா, பெடியனுக்குப் பதின்மூன்று வயதாகிறது. பள்ளிக்கூடம் இல்லாத நாளிற் சும்மா திரிகிறான். வெங்காயம் கிண்டுகிற தோட்டத்தில் நாட்கூலிக்கு விட்டால் நாலு காசு வருமல்லவா?" என்பதே அவ்வினா. தாய்மார் கேட்பதும் இதுவே. ஆனால் அவர்கள் பெரும்பாலும் மகளைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் வீட்டுவேலை செய்வது வேலையென எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

பிள்ளை நாலு காசு உழைக்க விரும்புவது குற்றமன்று. கொப்பி வாங்கவும், துவிச்சக்கரவண்டியின் ரயர் மாற்றவும், தன் கையில் ஒரு தாள் இருக்கிறதென எண்ணி மகிழவும் அது விரும்புகின்றது. அதற்கு வழி காட்டவேண்டியது நம் கடமை. அவ்வழி அடுத்தவர் தோட்டத்துக் கூலியன்று என்பதையும், உங்கள் கிணற்றடியிலேயே அவ்வழி இருக்கின்றது என்பதையும் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்குவோம்.

கூலிக்கு அனுப்புதல் தகாது

தொழிலுக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது நம் நாட்டில் நெடுங்காலம் 14 ஆக இருந்தது. பெண்கள், இளைஞர், பிள்ளைகள் ஆகியோரைத் தொழிலுக்கமர்த்துதல் பற்றிய 1956 ஆம் ஆண்டுச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டபோது அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 16 வயதுவரை பாடசாலைக் கல்வியும் கட்டாயமானது. 18 வயது நிரம்பாதோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. ஆகவே பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கூலிக்கு எடுப்பவரும் விடுபவரும் சட்டத்தின் எதிர்ப்புறத்தில் நிற்கின்றனர்.

சட்டம் ஒருபுறமிருக்கட்டும். 16 லீற்றர் கொள்ளும் முதுகுத் தெளிகருவி நீர் நிரம்பியதும் இருபது கிலோவுக்கு அண்மித்த பாரமாகின்றது. அப்பாரத்தைச் சுமப்பதற்குப் பதின்மூன்று வயது முதுகு இன்னும் முற்றவில்லை. அதனினும் பெரிய கேடு அதனுள் இருக்கும் மருந்து. பெரியவருக்குத் தலையிடியைத் தரும் அளவு, உடல் நிறை குறைந்த பிள்ளைக்கு நஞ்சாகலாம். எனவே உங்கள் சொந்தத் தோட்டத்திலேயாயினும் பிள்ளை பீடைநாசினி கலக்கலாகாது, தெளிக்கலாகாது, தெளிகருவியைக் கழுவலாகாது, வெற்றுப் போத்தலைத் தொடலாகாது, மருந்து தெளித்த பாத்தியில் லேபிளிற் குறித்த காலம் கழியுமுன் இறங்கலாகாது. கட்டில்லாக் கிணற்றில் நீரள்ளுவதற்கும், இறைப்பு இயந்திரத்தை இயக்குவதற்கும் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். இவ்விடயத்தில் எந்தத் தந்தையுடனும் யாம் இணங்கிப் போவதில்லை.

ஏன் நாற்றுமேடை?

கோழி, தேனீ, காளான், கீரை எனப் பல வழிகள் உள. அவற்றுள் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று வளர்த்து விற்பதையே முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள நிலம் போதும். வேலை காலையிலும் மாலையிலும் இருபது இருபது நிமிடம். விதைத்து ஐந்து வாரத்திற் பணம் கைக்கு வரும். ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவர் சந்தையில் இல்லை. அடுத்த வளவிலேயே இருக்கிறார். நட்டபின் பயிர் அழிந்தால் நட்டம் நட்டவருக்கு; நாற்று விற்றவனுக்கு அன்று. ஆனால் கெட்ட நாற்றை விற்றால் மறு போகத்தில் எவரும் வாரார். இந்தப் பாடத்தைப் பிள்ளை இளமையிலேயே கற்றுக்கொள்வது நன்று.

வாங்குவோரை முதலிற் காண்க

விதையைக் கையிலெடுக்குமுன் பிள்ளை கொப்பியும் பேனையும் கொண்டு அயலிலுள்ள பத்து வீடுகளுக்குச் செல்லவேண்டும். "மாமா, இந்தப் போகம் எத்தனை பரப்பு மிளகாய் நடுவீர்கள்? எந்த இனம்? எந்தக் கிழமை?" எனக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படும் பிள்ளையுடன் முதல் வீட்டுக்கு மட்டும் நீங்கள் செல்லுங்கள்.

கேட்டதைக் கணக்காக்குவது எப்படி? பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கில் ஒரு பரப்பு ஏறக்குறைய 2,720 சதுர அடி. மிளகாயை வரிசைக்கு வரிசை இரண்டடியும், குழிக்குக் குழி ஒன்றரை அடியுமாக நட்டால் ஒரு குழிக்கு மூன்று சதுர அடி. எனவே ஒரு பரப்பில் ஏறத்தாழ 900 குழிகள். குழிக்கு இரண்டு நாற்றாக 1,800 நாற்றுகள் தேவைப்படும். ஒரு மேடையில் விற்கத்தக்க 500 நாற்றுகள் தேறும். ஆகவே ஒருவருடைய ஒரு பரப்புக்கு நான்கு மேடைகள் வேண்டும். முதன்முறை ஒரு மேடையே போடுக. ஒன்றிற் கைபழகாமல் நான்கு போட்டு, நான்கையும் அழுகவிட்ட பிள்ளை மீண்டும் மண்வெட்டியைத் தொடாது.

நடும் கிழமை தெரிந்ததும் அதிலிருந்து ஐந்து வாரம் பின்னோக்கி எண்ணினால் மிளகாய் விதைக்கும் நாள் கிடைக்கும். கத்தரி நான்கு வாரத்திலும் தக்காளி மூன்று முதல் நான்கு வாரத்திலும் நடத் தயாராகும். இலங்கைக் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை அத்தவணையில் மேடை போடவேண்டாம்.

விதை

விவசாயத் திணைக்களத்தின் விதை விற்பனை நிலையத்திலோ, நம்பிக்கையான கடையிலோ பொதி செய்த விதையை வாங்குக. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எம்.ஐ. 2 போன்ற இனங்களை நம் கமக்காரர் நன்கறிவர். கத்தரியில் திருநெல்வேலி ஊதா நம் பகுதிக்கே உரிய பெயருடையது. உங்கள் அயலவர் கேட்ட இனத்தையே விதையுங்கள்; பிள்ளைக்குப் பிடித்த இனத்தையன்று. கலப்பினப் பயிரின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப்போல் முளைத்து வராது. அவ்விதையை நாற்றாக்கி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். மருந்து பூசி நிறமேற்றிய விதையானாற் பெரியவரே கையுறையுடன் விதைத்துக் கொடுக்கவேண்டும்.

விதைப்பதற்குப் பத்து நாள் முந்தி ஒரு சோதனை செய்க. நூறு விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த பழந்துணியில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். பத்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணினால் முளைதிறன் எத்தனை வீதம் என்பது தெரியும். எண்பதுக்கு மேலாயின் நன்று. அறுபதாயின் நெருக்கமாக விதைக்கவேண்டும். ஐம்பதுக்குக் கீழாயின் அந்த விதையை விதைக்கவேண்டாம். பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைக்கு இச்சோதனை விளையாட்டுப்போல் இருக்கும்.

மேடை அமைத்தல்

நாள் முழுதும் வெயில் விழுவதும், மழைநீர் தேங்காததும், கிணற்றுக்கு அண்மையிலுள்ளதுமான இடத்தைத் தெரிக. சென்ற போகம் மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை நின்ற மண் வேண்டாம். இவை நான்கும் ஒரே குடும்பத்தன. ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றும். மண்ணைக் கொத்திக் கட்டியுடைத்து, பத்தடிக்கு மூன்றடியாக, அரையடி உயரத்துக்கு மேடையை எழுப்புக. மேல்மண்ணும் நன்றாக உக்கிய கூட்டெருவும் சம அளவிற் கலந்து மேற்படையாக இடுக. அரைகுறையாக உக்கிய மாட்டெருவை இட்டால் வண்டும் புழுவும் வரும்.

இனி மண்ணின் தொற்று நீக்கவேண்டும். மேடையின்மேல் வைக்கோலும் உமியும் அடுக்கடுக்காய்ப் பரப்பி, காற்றுக்கு எதிர்த்திசையில் மெதுவாக எரியவிடுவது நம்மவர் அறிந்த முறை. ஆயினும் நெருப்பும் பிள்ளையும் ஓரிடத்திற் சேர்வதை யாம் விரும்புவதில்லை. அதற்குப் பதிலாக வெயிலையே வேலை வாங்கலாம். மேடையை நன்றாக நனைத்து, ஒளி புகும் நிறமற்ற பொலித்தீனால் இறுக மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, இரண்டு முதல் நான்கு வாரம் வெயிலில் விடுக. உள்ளே ஏறும் வெப்பத்தில் நோய்க்கிருமியும் களைவிதையும் பெரும்பகுதி மாளும். மாரி காலத்தில் இம்முறை பயன்தராது. வெயிலுள்ள காலத்திலேயே மண்ணை ஆயத்தம் செய்து மூடிவைக்க வேண்டும்.

விதைத்தலும் பேணுதலும்

மேடையின் குறுக்கே அரையடிக்கு ஒரு வரிசையாகக் கோடு கீறினால் ஏறக்குறைய இருபது வரிசைகள் வரும். ஒரு வரிசைக்கு 35 விதையாக, அங்குலத்துக்கு ஒன்று இடுக. மொத்தம் 700 விதைகள். ஒரு கிராமில் ஏறத்தாழ 150 மிளகாய் விதைகள் இருத்தலால் ஐந்து கிராம் விதை போதும். ஆழம் அரை அங்குலத்தைத் தாண்டலாகாது. பொடிமண்ணால் மூடி, மெல்லிய படையாக வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளிக்குக. வாளியாற் சரித்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். எறும்பு விதையைக் காவிச் செல்கின்றதா எனத் தினமும் பார்க்கவேண்டும்.

மிளகாய் முளைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் செல்லும். முளை தலைகாட்டியதும் அன்று மாலையே வைக்கோலை மெதுவாக நீக்குக. ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெடுத்து, ஒடியத்தக்கதாகிவிடும். இந்த ஒரு நாளை மறந்த காரணத்தாற் கெட்ட மேடைகளை யாம் பல இடங்களிற் கண்டுள்ளோம். மேடைக்கு மேல் மூன்றடி உயரத்திற் பந்தல் கட்டி, நண்பகல் வெயிலுக்குக் கிடுகும் பெருமழைக்குப் பொலித்தீனும் இடுக. கிடுகை நாள் முழுதும் வைத்திருப்பதும் தவறே. சிறுகண் வலையால் மூட வசதியுண்டாயின், இலைச்சுருளலை உண்டாக்கும் பூச்சிகள் அணுகுவது குறையும்.

நாற்றின் அடி நீர்க்கசிவுற்றுக் கறுத்து, நாற்று திட்டுத்திட்டாகச் சரிவதே மேடைக்கு வரும் பெருநோய். காரணம் மண்ணிலுள்ள பூஞ்சணம். அதற்குக் கைகொடுப்பவை மிகுந்த நீரும் நெருக்கமும். சரிந்த நாற்றை அடிமண்ணோடு அள்ளித் தொலைவில் எரித்து, நீரைக் குறைத்து, நெருக்கமானவற்றைக் களைந்து, காற்றோட்டம் உண்டாக்குக. இரவுக்கு ஈரம் தங்காதபடி மாலை நீரை நேரத்தோடு தெளிக்கவேண்டும். நோய் பரவினால் உங்கள் போதனாசிரியரை அழையுங்கள். மருந்து வேண்டுமாயின் அதனைப் பெரியவரே இடுக.

அயலவரின் வளர்ந்த கத்தரி பச்சை மாறாமல் திடீரென வாடிநின்றால் அதன் தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் முனையை அமிழ்த்திப் பார்க்குமாறு பிள்ளைக்குக் கூறுக. சில நிமிடத்திற் பால்போன்ற இழை கீழிறங்கினால் அது பற்றீரியா வாடல். அத்தோட்டத்து மண்ணோ, நீரோ, மண்வெட்டியோ நாற்றுமேடைக்கு வரலாகாது.

பிடுங்குவதற்கு ஏழு நாள் முந்தித் தொடங்கி நீரைப் படிப்படியாகக் குறைத்து, கிடுகை முற்றாக நீக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்குக. பிடுங்கும் நாளில் மேடையை நன்கு நனைத்து, மாலையிற் பிடுங்கவேண்டும். மெலிந்ததும், வளைந்ததும், இலை சுருண்டதும் கழிவுக்கே. ஐம்பது ஐம்பதாக எண்ணி, வேரை ஈரச்சாக்கிலோ வாழையிலையிலோ சுற்றிக் கட்டுக. ஐம்பதோடு இரண்டு கூட வைப்பது நம் ஊர் வழக்கம். பிள்ளை அதைச் செய்யட்டும்.

கொப்பிக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறையைக் காட்டுவதற்காக நாற்றொன்று மூன்று ரூபா எனக் கொள்வோம். உங்கள் ஊர் விலையை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள். 700 விதையில் நூற்றுக்கு எண்பது முளைத்தால் 560. கழிவு 60 போக 500 நாற்று, 1,500 ரூபா. விதை, பொலித்தீன், கயிறு ஆகியவற்றுக்கு 500 ரூபா எனக் கொண்டால் மீதி 1,000. மேடை அமைக்க ஆறு மணித்தியாலமும், நாளுக்கு நாற்பது நிமிடமாக 35 நாளில் இருபத்து மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேலும் செல்லும். ஆக மணிக்கு முப்பது ரூபா சொச்சமே. நாட்கூலியோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை என்பதை யாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான்கு மேடைக்கு நான்கு மடங்கு நேரம் செல்லாது. நாளுக்கு ஒரு மணித்தியாலமும், அமைப்பதற்குப் பதினைந்து மணித்தியாலமும் எனின் மொத்தம் ஐம்பது. வரவு 6,000, பந்தலும் பொலித்தீனும் மீண்டும் பயன்படுவதாற் செலவு 1,700 எனக் கொண்டால் மீதி 4,300. மணிக்கு எண்பது ரூபாவுக்கு மேல். கைபழகியபின் விரிவாக்குவதிலேயே இலாபம் தங்கியுள்ளது. இதனைப் பிள்ளையே கணக்கிட்டுக் கண்டறிந்தாற் கணித பாடத்திலும் ஒரு பயன் உண்டு.

அப்பணம் யாருடையது?

எமக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது மாமா ஒருவர் ஆட்டுக்குட்டி ஒன்று தந்தார். "இது உன்னுடையது" என எல்லோரும் கூறினர். இரண்டு ஆண்டுகள் பாடசாலை விட்டு வந்து பூவரசங்குழையும் கிளிசிறிடியாக் குழையும் வெட்டிப்போட்டு வளர்த்தோம். ஒருநாள் பாடசாலையால் வந்தபோது கட்டையிற் கயிறு மட்டும் இருந்தது. இறைப்பு இயந்திரம் பழுதாகியிருந்தது. ஆட்டை விற்றே அதைத் திருத்தினர். தந்தையாரைக் குறை கூற இதனை எழுதவில்லை. இயந்திரமின்றேல் அவ்வாண்டு வெங்காயம் காய்ந்திருக்கும். ஆயினும் எம்மிடம் ஒரு சொற் கேட்டிருக்கலாம். அதன்பின் குழை வெட்டும்படி எவர் கூறினும் எமக்கு உடல் கனத்தது. கமத்தொழிலை வெறுத்து நகருக்குப் போகும் இளைஞர் பலரிடம் பேசிப் பார்க்கும்போது, அவர்களிடமும் இத்தகைய ஓர் ஆட்டின் கதையோ மாட்டின் கதையோ இருக்கக் காண்கின்றோம்.

ஆகவே மேடை போடுமுன் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த முப்பது சதுர அடி பிள்ளையினுடையது. முதற் செலவுக்கு நீங்கள் தருவது கடன். விற்றதும் பிள்ளை அதனைத் திருப்பித் தரும். மீதி அதனுடையது. உங்கள் தோட்டத்துக்கு அம்மேடையில் நாற்று எடுத்தால் அயலவர் கொடுக்கும் விலையை நீங்களும் கொடுங்கள். வீட்டில் நெருக்கடி வந்து அப்பணம் தேவைப்பட்டாற் கேட்டு வாங்குங்கள். கொப்பியிற் கடன் என எழுதுங்கள். மகளுக்கும் மகனுக்கும் இதுவே விதி. தேசிய சேமிப்பு வங்கியில் பிள்ளையின் பெயரிற் கணக்குத் திறக்கலாம். அஞ்சலகத்தின் வழியாகவும் அது இயலும். எல்லாவற்றையும் வங்கியில் இடவேண்டுமென நெருக்காதீர்கள். முதற் பணத்தில் ஒரு சிறு பகுதியைத் தன் விருப்பப்படி செலவிடட்டும்.

பிற வழிகள் சில

கோழி: அடைகாக்கும் நாட்டுக்கோழி ஒன்றின்கீழ்ப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் ரோச் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, நரம்போடாத முட்டையை நீக்கலாம். காகமும் கீரியும் எடுக்காதபடி முதல் மாதம் கூட்டில் வைத்தல் அவசியம். இராணிகெற் நோய்க்குரிய தடுப்பு மருந்தைக் கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறிக. கீரை: முளைக்கீரை விதைத்து மூன்று நான்கு வாரத்திற் பிடுங்கலாம், நிழலும் ஈரமும் உள்ள கிணற்றடி வாய்க்காலோரம் வல்லாரைக்கு உகந்தது. கூட்டெரு: மாட்டுத் தொழுவமும் குப்பையும் உள்ள வீட்டில் பிள்ளை குவியல் போட்டு விற்கலாம், ஆயின் கிளறிப் புரட்டுதல் பெரியவர் வேலை. தேனீயும் சிப்பிக் காளானும் நல்லவையே. ஆனால் அவற்றைத் துண்டுப் பிரசுரம் படித்துச் செய்ய முற்படாது, பயிற்சி பெற்றபின் தொடங்குக.

நாற்றைப் பெருமளவில் விற்க முற்படுவோர் விதை, நடுகைப்பொருள் பற்றிய சட்ட விதிகளைப் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் முன்னரே கேட்டுக்கொள்க.

நாற்றுப் பிடுங்கி முடிந்த மேடையில் உடனே மீண்டும் மிளகாய் விதைக்கவேண்டாம். மேற்படைக்குப் புதிதாகக் கூட்டெரு சேர்த்து, முளைக்கீரையோ பயிற்றையோ ஒருமுறை எடுத்து, பின்னர் பொலித்தீன் மூடி வெயிலில் விட்டு, அதன்பின் அடுத்த போக நாற்றுக்கு ஆயத்தம் செய்க. பொலித்தீனைக் கழுவி உலர்த்தி, எலி கடிக்காத இடத்திற் சுருட்டி வைக்கவேண்டும்.